பீட் கேரிலின் பிரின்ஸ்டன்: பந்து கையில் இல்லாதவனைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உங்களால் மறக்க முடியாத பயிற்சியாளர் யார்? அவருடைய எந்த அணி?

யோசிக்கவே வேண்டியதில்லை, பீட் கேரில்தான். 1967 முதல் 1996 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் பயிற்சியாளர். அந்த 29 ஆண்டுகளில் 514 வெற்றிகள், 13 ஐவி லீக் பட்டங்கள் (ஐவி லீக் என்பது பிரின்ஸ்டன் உட்பட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆடும் தொடர்). அணியைக் கேட்டால் 1996 என்பேன்.

நான் 1993-இல் நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்தவன். கிரிக்கெட்டும் கபடியும் பார்த்து வளர்ந்த எனக்குக் கூடைப்பந்து என்றால் உயரமானவர்கள் எம்பிக் குதித்துக் கூடைக்குள் பந்தை அடைப்பது, அவ்வளவுதான். அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது மூத்த நண்பர் ஒருவர், முதல் குளிர்காலத்திலேயே பிரின்ஸ்டனின் சொந்த மைதானமான ஜாட்வின் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். பத்து நிமிடம் ஆகியும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. யாரும் கூடைக்கு எறிவதாகக் காணோம். நண்பர் என் முழங்கையைத் தொட்டு, "பந்தைப் பார்க்காதே. பந்து கையில் இல்லாதவன் என்ன செய்கிறான் என்று பார்" என்றார்.

அப்போதுதான் கண் திறந்தது. பிரின்ஸ்டன் ஆட்டக்காரன் பந்தை வாங்க வருவதுபோல வெளியே ஓரடி வைப்பான். எதிரணிக்காரன் அதைத் தடுக்க முன்னால் பாய்வான். அந்தக் கணத்தில் இவன் திரும்பி, அவன் முதுகுக்குப் பின்னால் கூடையை நோக்கி ஓடுவான். பந்து அவனுக்கு முன்பே அங்கே வந்து காத்திருக்கும். இதைத்தான் ரசிகர்கள் 'பேக்டோர்' என்பார்கள். எதிராளியின் ஆர்வத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிடும் ஆட்டம். ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். கிடைத்த பையன்களை வைத்து ஆட வேண்டிய ஒருவர் கண்டுபிடித்த வழி இது. உயரமான நடு ஆட்டக்காரனைக் கூடையடியில் நிறுத்தாமல் வெளியே கொண்டுவந்து, அவனையே பந்து கொடுப்பவனாக்கினார். மெதுவான ஆட்டம் என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. என் கண்ணில் அது மெதுவாக ஒருநாளும் படவில்லை. ஒரு நொடி கண்ணை எடுத்தால் பந்து கூடைக்குள் விழுந்திருக்கும்.

கேரில் பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஊர்க்காரர். ஸ்பெயினிலிருந்து வந்து எஃகு ஆலையில் உழைத்தவரின் மகன். குள்ளமான உருவம், கலைந்த வெள்ளை முடி, கசங்கிய ஸ்வெட்டர். வாய் கடுமையானது. சரியாக ஓடாதவனை அவர் சும்மா விட்டதே இல்லை. அவரிடம் ஆடியவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் அந்தத் திட்டுகளை அன்போடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பழைய ரசிகர்கள் கூடினால் பேச்சு 1989-க்குப் போகாமல் இருக்காது. தோற்றால் வெளியேற வேண்டிய தேசியக் கல்லூரிப் போட்டியின் முதல் சுற்று, கடைசித் தரவரிசையான 16-இல் பிரின்ஸ்டன், முதல் தரவரிசையில் ஜார்ஜ்டவுன். அரைநேரத்தில் பிரின்ஸ்டன் 8 புள்ளிகள் முன்னிலை. கடைசியில் 50-49 என்று தோற்றார்கள். இறுதி நொடிகளில் ஜார்ஜ்டவுனின் அலோன்சோ மோர்னிங்கின் நீண்ட கைகள் குறுக்கே வந்துவிட்டன. நண்பர் அதைச் சொல்லும்போதெல்லாம் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். ஆண்கள் போட்டியில் 16-ஆம் தர அணி முதல் தர அணியை வெல்ல 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி 1996. ஐவி லீக்கில் பென்னும் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்) பிரின்ஸ்டனும் சமமாக முடித்ததால், தேசியப் போட்டிக்கு யார் போவது என்று முடிவுசெய்யத் தனியாக ஓர் ஆட்டம் வைத்தார்கள், அதுவும் கேரிலின் சொந்த ஊரான பெத்லகேமில். அதற்கு முன் பென்னிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்தார்கள். கூடுதல் நேரத்தில் வென்றார்கள். உடை மாற்றும் அறையில் கேரில், தாம் ஓய்வு பெறுவதாகவும் மிக மகிழ்ச்சியாக இருப்பதாகவும் கரும்பலகையில் எழுதினார். அதன்பின் ஒவ்வோர் ஆட்டமும் அவருடைய கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்ற நிலை.

மார்ச் 14, இண்டியானாபொலிஸ், தேசியப் போட்டியின் முதல் சுற்று. எதிரில் முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன் யூசிஎல்ஏ (கலிபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலஸ்). நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆறு நிமிடம் மீதமிருக்க 41-34 என்று பின்தங்கியிருந்தார்கள். அதன்பின் யூசிஎல்ஏவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 41-41. பந்து பிரின்ஸ்டனின் நடு ஆட்டக்காரன் ஸ்டீவ் குட்ரிச் கையில். முதலாண்டு மாணவன் கேப் லெவுல்லிஸ் வெளியே ஓரடி வைத்தான். நண்பர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குட்ரிச் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி அனுப்பினான், லெவுல்லிஸ் அதைக் கூடைக்குப் பின்னால் உள்ள பலகையில் மெல்லத் தட்டிக் கூடைக்குள் விட்டான். மீதம் நான்கு நொடிகூட இல்லை. 43-41. பிரின்ஸ்டன் ஆட்டக்காரன் மிட்ச் ஹென்டர்சன் கைகளை விரித்து அந்தரத்தில் குதித்த படத்தை இன்றும் எங்கே பார்த்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது. அடுத்த ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட் அவர்களை எளிதாக வென்றது. கேரிலின் கல்லூரிக் காலம் அதோடு முடிந்தது.

பிறகு அவர் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் உள்ள தொழில்முறை அணியான சாக்ரமென்டோ கிங்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2022 ஆகஸ்டில் 92 வயதில் மறைந்தார். ஏழு மாதம் கழித்து, 2023 மார்ச்சில், பிரின்ஸ்டன் தேசியப் போட்டியில் இரண்டாம் தரவரிசை அரிசோனாவை 59-55 என்று வென்றது. பயிற்சியாளர் அதே மிட்ச் ஹென்டர்சன். ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடம் தொலைபேசி அடித்தது. நண்பருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, ஃபுளோரிடாவில் இருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எந்த ஊரில் ஜெயித்தார்கள், கவனித்தாயா?" என்று மட்டும் கேட்டார். கவனித்திருந்தேன். சாக்ரமென்டோ.