தராசும் ஃபேனும்

அன்புள்ள ஐயா,

திருச்செங்கோடு பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பில் 431 மார்க். பிளஸ் ஒன்னில் சேர்க்கச் சொல்லிச் சொந்தபந்தம் நச்சரிக்கிறது. அவளோ பாலிடெக்னிக் போய்க் கருவிகள் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள். எல்லாம் எங்கள் கடைத் தராசால் வந்தது. மதியம் ஆனால் இரண்டு மூன்று கிராம் ஆடும். நான் சர்வீஸ்காரரைக் கூப்பிடப் போனேன். அவள் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ஃபேன் காத்துங்கப்பா” என்றாள். ஃபேனை நிறுத்தியதும் நின்றுவிட்டது.

இரண்டு கல்லூரிகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று தனியார், பெரிய கட்டடம், வாசலுக்கே பஸ் வரும், நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். இன்னொன்று அரசு பாலிடெக்னிக். தூரம், பழைய கட்டடம். மெக்கட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பெயர்கள் வேறு குழப்புகின்றன. நீங்கள் ஆலையில் இந்த வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். லோடுசெல் என்போம். எடை ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகளின் மின்தடை அதற்கேற்ப மாறும். அந்த மாற்றம்தான் கிராமாகத் தெரிகிறது. வளைய வைத்தது பருப்பா காற்றா என்று கட்டைக்குத் தெரியாது. நகைக்கடைத் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பது இதனால்தான். யாரும் சொல்லித்தராமலே உங்கள் மகள் அந்தக் கூண்டு எதற்கு என்று கண்டுபிடித்துவிட்டாள். சேர்த்துவிடுங்கள்.

படிப்பு பாதியில் நின்றுபோகும் என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். டிப்ளமோ மூன்று வருடம்; முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அது மூன்று வருடம். பிளஸ் டூ வழியில் இரண்டும் நான்கும். எப்படிக் கூட்டினாலும் ஆறுதான்.

பெயர்க் குழப்பம் பெரிய விஷயமில்லை. காகித ஆலை, சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலை மாதிரி இடங்களில் வெப்பம், அழுத்தம், ஓட்டம் இவற்றை அளந்து கட்டுப்படுத்தும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது இன்ஸ்ட்ருமென்டேஷன். தானாக இயங்கும் எந்திரங்கள், மோட்டார், சென்சார், அவற்றை இயக்கும் பிஎல்சி என்கிற சிறு கணினி என்றால் மெக்கட்ரானிக்ஸ். தராசில் ஆரம்பித்தவளுக்கு முதலாவது பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் படிக்கப் போவது அவள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கல்லூரி. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேலைநாளில் மதியம் போங்கள், லேப் நடக்கும் நேரமாக. அட்மிஷன் அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, லேபைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பூட்டி வைத்த கருவிகளை நான் தனியாரிலும் பார்த்திருக்கிறேன், அரசிலும் பார்த்திருக்கிறேன். பிடி தேய்ந்த மல்டிமீட்டரும் கைபட்டுக் கறுத்த, நீளம் அளக்கும் வெர்னியரும் கிடந்தால் நல்ல சகுனம்.

அதைவிட முக்கியமாக, இரண்டாம் வருடப் பிள்ளை யாரிடமாவது அப்சர்வேஷன் நோட்டை, அதாவது லேபில் அளக்கும்போதே எண்களைக் குறிக்கும் நோட்டை, வாங்கிப் புரட்டுங்கள். ரெக்கார்டு நோட்டு வேண்டாம், அது பின்னால் அழகாக எழுதுவது. அப்சர்வேஷனில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா? பக்கத்துப் பையன் நோட்டில் வேறு எண்கள் இருக்கின்றனவா? எல்லோர் நோட்டிலும் ஒரே எண்கள், அதுவும் புத்தகத்தில் உள்ளபடியே என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் போடுவது நம் ஊர் லேப்களில் ஒரு கலை.

அந்தக் கலையில் நானும் தேறியவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஃபோர்மேன் ஒரு வெப்ப சென்சாரைக் கொடுத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு அதன் மின்தடையை ஓம் கணக்கில் எடுத்து வரச் சொன்னார். பிடி நூறு என்பது அதன் பெயர். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்ட வேண்டும். மீட்டரில் 139.1 வந்தது. நான் 138.5 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒயர்ல ரெசிஸ்டன்ஸே இல்லையாடா?” என்றார்.

நீள ஒயரின் மின்தடை 0.6 ஓம். அவர் எனக்குக் காட்ட நினைத்ததே அதைத்தான். அந்த 0.6 ஓம் ஆலையில் சுமார் ஒன்றரை டிகிரி தப்பாகக் காட்டும். அதைச் சரிக்கட்டத்தான் சென்சாருக்கு மூன்றாவது கம்பி என்று ஒன்று விடுகிறார்கள். நான் அதை நல்ல பிள்ளையாக அழித்துவிட்டு வந்திருந்தேன்.

பெண் பிள்ளை விஷயம். ஆலை வேலை என்றால் ஏணி ஏற வேண்டும், இரவு ஷிஃப்ட் உண்டு, ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இருக்காது. மறைக்க மாட்டேன். ஆனால் கேலிபிரேஷன் லேப் என்று ஒன்று இருக்கிறது, மற்ற கருவிகளைச் சரிபார்க்கும் இடம். நீளம் அளக்கும் அறையை 20 டிகிரியில் வைத்திருப்பார்கள். அங்கே ஏசி மனிதர்களுக்காக அல்ல, இரும்புக்காக. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குக் கிட்டத்தட்ட 11.5 மைக்ரான் நீளும், தலைமுடித் தடிமனில் ஆறில் ஒரு பங்கு போல. அரைமணி நேரம் தராசை வெறித்துப் பார்க்கிற பொறுமைக்கு அங்கே மதிப்பு உண்டு. டிப்ளமோ முடித்ததும் ஒரு வருடம் உதவித்தொகையோடு அப்ரண்டிஸாக இருக்கலாம். சென்னை தரமணியில் உள்ள தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆலையா லேபா என்பதை அப்போது அவளே முடிவு செய்யட்டும்.

“நூறு சதவீதம் வேலை” என்றவரிடம் ஒன்று கேளுங்கள்: என்ன வேலை? போன வருடம் முடித்த பிள்ளை ஒருவரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். நம்பர் தரத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். நோட்டை அவள் புரட்டட்டும். உங்களையும் என்னையும்விட அவளுக்குத்தான் சந்தேகம் வரும்.

அப்புறம், அந்த ஃபேனை வேறு பக்கம் திருப்பி வைத்தீர்களா, இல்லை அப்படியேதான் ஓடுகிறதா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லையே.