பத்தும் தொண்ணூற்றாறும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் முப்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக் கண்காட்சிக்காக, குழந்தை இறப்பைக் குறைப்பதில் எந்த நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று மாணவர்களோடு சேர்ந்து ஓர் அட்டவணை தயாரித்து வருகிறேன். ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்து 2015இல் முடிவடைந்த புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளின் கணக்குப்படி மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜர் இலக்கை எட்டிவிட்டது, இலங்கை எட்டவில்லை என்று வருகிறது. ஆயிரத்துக்குப் பத்துக் குழந்தைகளை இழக்கும் நாடு தோற்றது, தொண்ணூற்றாறு குழந்தைகளை இழக்கும் நாடு வென்றது என்றால் பையன்கள் சிரிக்கிறார்கள். பிழை என் கணக்கிலா, அளவுகோலிலா? கடைசி வரிசையில் நம் வேலூர் மாவட்டத்தையும் சேர்க்க எண்ணியிருக்கிறேன்.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கணக்கில் பிழை இல்லை. 1990ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து, ஐந்து வயது நிறையுமுன் இறக்கும் குழந்தைகளின் விகிதத்தை 2015க்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்பதே அன்றைய இலக்கு. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயிரம் பிறப்புகளுக்கு நைஜர் 328இலிருந்து 96க்கும், இலங்கை 21இலிருந்து 10க்கும், வங்கதேசம் 144இலிருந்து 38க்கும், இந்தியா 126இலிருந்து 48க்கும் இறங்கின. மூன்றால் வகுத்துப் பார்த்தால் நைஜருக்கு 109 போதும். இலங்கையோ 7க்கு வந்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வங்கதேசம் 48இல் நின்றிருந்தாலே தேறியிருக்கும். அதே 48இல் நின்ற நாம் தேறவில்லை, ஏனென்றால் நமக்கு விதித்தது 42.

மூன்றில் இரண்டு பங்கைக் குறைப்பது எல்லா உயரத்திலும் ஒரே வேலை அல்ல என்பதுதான் சிக்கல். ஆயிரத்தில் முந்நூறு குழந்தைகள் சாகும் இடத்தில் பேதி, நிமோனியா, மலேரியா, தட்டம்மை ஆகியவை பெரும்பகுதி உயிரைக் குடிக்கின்றன. தடுப்பூசியும் உப்பு சர்க்கரைக் கரைசலும் கொசுவலையும் ஊருக்குள் போய்ச் சேர்ந்தாலே எண் மளமளவென்று சரியும். இருபதுக்கு வந்தபின் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் குறைமாதப் பிறப்பு, பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், பிறவிக் கோளாறு. அவற்றுக்குப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும், இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பயிற்சி பெற்ற செவிலியரும் வேண்டும். அதற்காக நைஜரின் சாதனையைச் சிறிதாக்கவும் மாட்டேன்: ஆயிரத்துக்கு 232 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தன என்பதற்கு ஈடாக, மொத்தமே 21ஐ இழந்துகொண்டிருந்த இலங்கை எதையும் காட்ட முடியாது.

2015 செப்டம்பரில் ஏற்கப்பட்ட நிலையான வளர்ச்சி இலக்குகள் இந்த அளவுகோலை மாற்றின. 2030க்குள் எல்லா நாடுகளும் ஆயிரத்துக்கு 25 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும் என்பது இப்போதைய கோடு. இப்போது அநியாயம் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. பந்தயம் தொடங்கும் முன்பே இலங்கை கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. நைஜர் பதினைந்தே ஆண்டுகளில் 96இலிருந்து 25க்கு ஓட வேண்டும். ஆகவே நீங்கள் தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு குறைந்தது என்று ஒரு நெடுவரிசை சேர்க்கலாம். கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டால் வந்துவிடும்: வங்கதேசம் ஏறத்தாழ 5.2, நைஜர் 4.8, இந்தியா 3.8, இலங்கை 2.9. தர வரிசை எண்ணை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். பக்கத்து நாடு வேகமாக நடந்தால் நம் எண் நன்றாக இருந்தும் வரிசையில் கீழே போவோம். பட்டியலில் புதிதாக நான்கு நாடுகள் சேர்ந்தாலும் போவோம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. பிறப்பும் இறப்பும் முழுமையாகப் பதிவாகாத நாடுகளில், வீடு வீடாகச் சென்று பெண்களிடம் பெற்ற பிள்ளைகளின் வரலாற்றைக் கேட்டே கணக்கிடுகிறார்கள். நம் தேசியக் குடும்பநல ஆய்விலும் அந்தக் கேள்வி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கணக்கெடுப்புக்குப் போன என் தம்பியோடு வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். திண்ணையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதும், "பெத்தது ஆறு, நின்னது நாலு" என்றார். தம்பி எழுதிக்கொண்டான். உள்ளேயிருந்து வந்த அவருடைய நாத்தனார், "ஏன் அண்ணி, ரெண்டா நாளே போச்சே, அதச் சொல்லலியா?" என்றார். "அதுக்குப் பேரே வெக்கலியே" என்றார் அந்த அம்மா, கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆறு, ஏழாயிற்று. நாத்தனார் வீட்டில் இல்லாதிருந்தால் அந்த ஊரின் இறப்பு விகிதம் சற்றே குறைந்து, நாடு சற்றே முன்னேறியிருக்கும்.

மறுபுறமும் உண்டு. 1980களில், இன்றைய வேலூரும் அடங்கியிருந்த நம் வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் நோய்க் கண்காணிப்பு முறை ஒன்றை நடத்தினார்கள். அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் தாங்கள் பார்த்த நோயாளியைப் பற்றி அச்சிட்ட அஞ்சலட்டையில் எழுதித் தபாலில் போட்டுவிடுவார்கள். அப்படி எண்ணத் தொடங்கும் மாவட்டத்தில் நோய் கூடியதுபோல்தான் காகிதத்தில் தெரியும். எண்ணாத மாவட்டம் சுகமாக இருப்பதாகத் தோன்றும். நாடுகளை ஒப்பிடும்போதும் நான் முதலில் தேடுவது இந்த அஞ்சலட்டையைத்தான்.

வேலூர் வரிசையில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1990இன் எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒரே பெயருக்கு நேரே எழுதினால், ஆம்பூரும் வாணியம்பாடியும் ஆற்காடும் உள்ள மாவட்டத்தை அவை இல்லாத மாவட்டத்தோடு ஒப்பிடுகிறீர்கள். மூன்று மாவட்டங்களின் பிறப்புகளையும் இறப்புகளையும் கூட்டி, அதன்பின் வகுத்து எழுதுங்கள். மூன்று விகிதங்களின் சராசரியை எடுத்துவிட வேண்டாம். இதை ஒரு கணக்கு ஆசிரியரிடம் சொல்லத் தேவையில்லைதான், ஆனால் அட்டையில் எழுதப்போவது பையன்கள்.

அன்புடன்