பட்டறையில் விட்டு எடுத்ததும் விளக்கு எரிகிறதா? ஹைபிரிட் கார் கேள்வி பதில்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் பழுது பார்ப்பதுதான் என் தொழில். இந்த முறை வந்த கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி: சாதாரண வேலைக்கு வண்டியை விட்டேன், எடுத்து வந்தால் டேஷ்போர்டில் விளக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சார், எஞ்சின் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மட்டும்தான் மாற்றினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் செக் எஞ்சின் விளக்கு. திரும்பப் போய்க் கேட்டால், ஹைபிரிட் பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். மாற்றித்தான் ஆகணுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆயில் மாற்றியதால் பேட்டரி சாகாது. முதலில் அவர்கள் கை வைத்த இடத்தைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் இருக்கும். மூடியைத் திறக்க அதன் கனெக்டரை உருவிவிட்டு, திரும்ப மாட்டும்போது ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை அழுத்தாமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. டொயோட்டாவில் அந்தக் காற்றின் வெப்பத்தை அளப்பதும் அதே சென்சாருக்குள்தான். அதனால் பி0102, பி0113 இரண்டு கோடும் (பழுதைக் குறிக்க கார் பதிந்துவைக்கும் எண்) சேர்ந்தே விழும். ஹைபிரிட் பேட்டரி பலவீனமானால் விழுவது பி0ஏ80. எந்தக் கோட் என்று எழுதி வாங்குங்கள். எண்ணைக் காட்டாமல் பேட்டரி மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். கனெக்டரைச் சரியாக மாட்டிய பிறகும் விளக்கு அணைய சில ஓட்டங்கள் ஆகலாம்.

கேள்வி: அண்ணா, ஏஸி குளிரவில்லை என்று கேஸ் நிரப்பினோம். ஒரு வாரம் கழித்து ‘செக் ஹைபிரிட் சிஸ்டம்’ என்று வருகிறது. ஏஸிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறையவே இருக்கிறது. செலவு அதிகம் வைக்கும் தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண காரில் ஏஸி கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. இன்றைய ஹைபிரிட்கள் பலவற்றில் உயர் வோல்டேஜ் மோட்டார் கம்ப்ரஸருக்குள்ளேயே இருக்கிறது. கேஸும் ஆயிலும் அந்த மோட்டாரின் கம்பிச் சுருளை நனைத்துக்கொண்டே ஓடும். அதனால் அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. டொயோட்டா ஹைபிரிட்டுக்கு உரியது பிஓஇ வகையைச் சேர்ந்த என்டி-11. மற்ற கார்களுக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் கலந்தால் இன்சுலேஷன் குறைந்து, மின்சாரம் பாடிக்குக் கசிய வழி உண்டாகும். கார் இதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. கசிவு தெரிந்தால் விழும் கோட் பி0ஏஏ6.

‘நாங்கள் ஆயிலே ஊற்றவில்லை’ என்று பட்டறையில் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். கேஸ் மெஷினின் குழாயில் ஒட்டியிருந்த பழைய ஆயிலே உள்ளே போயிருக்கும்.

என்னிடம் இப்படி ஒரு வண்டி வந்தது. காரின் கோடுகளையும் அளவுகளையும் படிக்கும் ஸ்கேனரை மாட்டி இன்சுலேஷன் அளவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 5 வோல்ட் பக்கத்தில் அசையாமல் நின்ற எண், ஏஸி பட்டனை அழுத்தியதும் சரசரவென்று இறங்கியது. அப்புறம் சந்தேகமே இல்லை. உங்கள் வண்டியிலும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கலப்படம் உறுதியானால் பெரும்பாலும் கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: பிரேக் பேட் மாற்றிய பிறகு ஏபிஎஸ், பிரேக் விளக்கு எல்லாம் ஒன்றாக எரிகின்றன, பீப் சத்தமும் நிற்கவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போகலாமா?

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சத்தமும் சேர்ந்து வந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸில் டிரைவர் கதவைத் திறந்தாலே ‘விர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிரேக் பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. வண்டி அணைந்திருந்தாலும் ஏற்றும்; பேட் கழற்றியிருக்கும்போது இப்படி ஏற்றினால் சிக்கல்தான். பிரேக் லைனில் காற்று புகுந்தால், அதை முழுசாக எடுக்க ஸ்கேனர் வேண்டும்; பெடலை மிதித்து மிதித்து எடுக்கும் பழைய முறை போதாது. வண்டியை முழுவதுமாகத் தூக்கி வைத்துக்கொள்ளும் டிரக்கில் ஏற்றி அனுப்புங்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே மோட்டாரும் சேர்ந்து சுற்றிப் பழுதாகலாம்.

கேள்வி: ஹைபிரிட் பேட்டரியின் ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இப்போது வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கே வரவில்லை.

பதில்: வேலை செய்யும்போது ஹைபிரிட் பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்க உருவும் சர்வீஸ் பிளக்கைச் சரியாகப் பூட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கைப்பிடியைச் செருகி, மடக்கி, அப்புறம் நகர்த்திப் பூட்ட வேண்டும். கடைசி அசைவு விட்டுப்போனால் பார்வைக்கு மாட்டிய மாதிரியே இருக்கும், ரெடி வராது. ஆனால் நீங்கள் தொட வேண்டாம். மூன்றாம் தலைமுறை பிரியஸில் பேட்டரி 201.6 வோல்ட். பிளக்கை உருவிய பிறகும் இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்கான கையுறை போட்டவர்கள் செய்யட்டும்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டினால் எல்லா விளக்கும் அணைந்துவிடுமாமே?

பதில்: பல நேரம் அணையும். கூடவே, கோட் விழுந்த நொடியில் வேகம், வெப்பம் என்னவாக இருந்தது என்று கார் குறித்துவைத்ததும் அழிந்துவிடும். அது போனால் பட்டறையில் எதைக் காட்டிப் பேசுவீர்கள்? முதலில் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

அந்தச் சின்ன பேட்டரியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பட்டறையில் கதவு திறந்தபடி மணிக்கணக்கில் நின்ற வண்டியில் அது இறங்கிப்போய், சம்பந்தமில்லாத விளக்குகளை எல்லாம் எரியவைக்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். ரெடியில் 14 பக்கத்தில் நிற்க வேண்டும்.