"தேவைப்பட்டால் கூப்பிடு" என்கிறார்களே!

கேள்வி: குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன். கோடை சீசனில் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று கேள்விப்பட்டு, எங்கள் ஸ்டாண்டில் ரத்ததான முகாம் வைக்கலாம் என்றேன். "சீசன் முடியட்டும்", "இந்தக் குளிரில் ரத்தம் கொடுத்தால் உடம்பு தாங்காது", "யாருக்காவது தேவைப்பட்டால் கூப்பிடு, ஓடி வருகிறோம்" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: தம்பி, "கூப்பிடு, ஓடி வருகிறோம்" என்று சொல்கிறவர் நிஜமாகவே ஓடி வருவார். அந்த நல்ல மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் அவர் வந்த பிறகுதான். எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதித்து, நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண்ணால் அதுவரை காத்திருக்க முடியுமா? அவரைக் காப்பாற்றுவது, யாரோ முன்பே கொடுத்து ரத்த வங்கியில் தயாராக இருக்கும் ரத்தம்தான்.

கீழே சமவெளியில் என்றால் பக்கத்து ஊரிலிருந்து சட்டென்று கொண்டுவந்துவிடலாம். மே மாதத்தில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில், பர்லியார் பக்கம் வண்டிகள் எப்படி வரிசைகட்டி நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே வர குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று பிரித்துவிட்ட நாட்களிலும் நெரிசல்தான். மலைக்கு வேண்டிய ரத்தம் மலையிலேயே இருக்க வேண்டும். ஸ்டாண்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சாலையிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு உடனே விளங்கும்.

"சீசன் முடியட்டும்" என்பதையும் ஏற்க முடியாது. முகாம்கள் அதிகம் நடக்கும் கல்லூரிகளுக்கு மே மாதம் விடுமுறை. ஊர்க்காரர்களுக்கோ தலைக்கு மேல் வேலை. ஆனால் நோய்க்கு விடுமுறை கிடையாது. கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் ரத்தசோகை இருக்கிறது; சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அது. அது முற்றும்போது சிலருக்கு ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும்.

குளிரைப் பற்றிய பயம் வேண்டாம். எடுப்பது 350 மில்லி, எடை கூடுதலாக இருந்தால் 450. அதிலுள்ள நீர்ச்சத்தை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்கள் ஊறச் சில வாரங்கள் ஆகும். மலையில் வசிப்பவர்களுக்கென்று தனி விதி எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்றை மாற்றச் சொல்வேன். எல்லோரையும் ஒரே நாளில் படுக்க வைக்காதீர்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு ஆயுள் வெறும் 5 நாள். ஒரே நாளில் குவிந்தால் கொஞ்சம் வீணாகும், அடுத்த மாதம் மறுபடி பஞ்சம். முதலில் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போய் எந்த குரூப் குறைவாக இருக்கிறது, எந்த வாரம் எத்தனை பேர் வந்தால் நல்லது என்று கேளுங்கள். அப்புறம் ஸ்டாண்டில் ஆளாளுக்கு குரூப் எழுதி, வாரத்துக்குச் சிலர் என்று முறை போடுங்கள். பொதுவாக "வாங்க" என்று அழைப்பதைவிட, "அண்ணே, வர்ற செவ்வாய் உங்க முறை" என்று நேரில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

டிரைவர்கள் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரத்தம் கொடுத்த அன்று மலைப்பாதையில் வண்டி எடுக்கவே கூடாது. தலைசுற்றல் தாமதமாகவும் வரலாம். சவாரி இல்லாத நாளையோ, அன்றைய கடைசி டிரிப் முடிந்த மாலையையோ முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். முந்தின நாள் மது கூடாது.

வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். அண்மையில் பச்சை குத்தியவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹீமோகுளோபின் குறைவு என்று யாரையாவது திருப்பி அனுப்பினால் கேலி செய்ய விடாதீர்கள். அவருக்கு அன்றே ஒரு மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். முறைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவரிடமே கொடுக்கலாம்.