பென்சன் எடுத்த பிறகு: கேள்வி பதில்

கணக்குக் கிளையில் 33 வருசம் இருந்துவிட்டு இளைப்பாறி ஆறு வருசமாகிறது. ஊரில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுப் படலையைத்தான் திறப்பார்கள். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கே: அண்ணை, நான் தனியார் கடையில் 26 வருசமாகக் கணக்கு எழுதுகிறேன். பென்சன் இல்லை. என்னதான் கிடைக்கும்? (சுன்னாகம்)

ப: இலங்கையில் தனியார் வேலைக்கு மூன்று காசு இருக்கிறது தம்பி. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) மாதாமாதம் சம்பளத்தில் உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி மட்டும் 3 வீதம். மூன்றாவதைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள்: பணிக்கொடை. கடையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்து, நீங்கள் 5 வருசம் முடித்திருந்தால், வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளத்தில்தான் கணக்கு. உங்களுக்கு 13 மாதச் சம்பளம் வரும்.

சேமலாப நிதியை ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அதற்காக "55 ஆயிற்று, வீட்டுக்குப் போ" என்று பொதுவாக முதலாளி சொல்ல முடியாது. 2021 சட்டப்படி தனியாருக்கும் இளைப்பாறும் வயது 60 தான். அப்புறம், அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் நிதியில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள்.

கே: இவர் இளைப்பாறி நாலு மாதம். குசினிக்குள் வந்து மிளகாய்த்தூள் பேணிக்குத் திகதி ஒட்டுகிறார். எனக்கு விசர் பிடிக்கும் போலிருக்கிறது. (கொக்குவில்)

ப: சிரித்துவிட்டேன் அக்கா, குறை நினைக்காதீர்கள். நான் அரிசி வாளிகளுக்கு இலக்கம் போட்டவன். முப்பது வருசம் கோப்பு அடுக்கிய கை சும்மா இருக்காது. என் மனுசி ஒருநாள் சொன்னா: "எட்டு மணிக்கு வெளிக்கிடுங்கோ, பன்னிரண்டுக்கு வாங்கோ." சைக்கிளில் சனசமூக நிலையத்துக்குப் போனேன். முதல் கிழமை பேப்பரில் மரண அறிவித்தல்வரை வாசித்தேன். இரண்டாம் கிழமை நிலையத்தின் கணக்குக் கொப்பியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்கள். மூன்று வருசக் கணக்கு, ஒரு பக்கம்கூடக் கூட்டிப் பார்க்கப்படவில்லை! அன்றிலிருந்து குசினிப் பக்கம் போக நேரமில்லை. உங்களவர் என்ன வேலை பார்த்தவர் என்று எழுதவில்லையே. அது தெரிந்தால்தான் இடம் சொல்லலாம்.

கே: மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்ட் காசு கேட்கிறார். எனக்கு வந்த பணிக்கொடையைக் கொடுக்கட்டா? (இளைப்பாறிய ஆசிரியை, மானிப்பாய்)

ப: முழுதையும் கொடுக்காதீர்கள் ரீச்சர். பென்சன் மாதாமாதம் வரும், அந்தத் தொகை ஒருமுறைதான். கண் ஒப்பரேசனும் கூரை ஓடும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். களவாக வள்ளத்தில் அனுப்புகிற கதை ஏஜென்ட் வாயில் வந்தால் படலையைப் பூட்டுங்கள்.

கே: பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் பென்சன் நின்றுவிடுமா? (கரவெட்டி)

ப: நிற்காது ஐயா. வருசாவருசம் உயிரோடு இருக்கிறீர்கள் என்று சான்றிதழ் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல்தரம் மாசி மாதக் குளிரில் போய்ப் பாருங்கள். ஆனியில் போனவர்கள் எல்லோரும் அங்கேயே இருக்கலாம் என்றுதான் சொல்வார்கள்.

மிச்சக் கேள்விகளுக்கு நாளைக்கு. மணி பன்னிரண்டு, வீட்டுக்குப் போகவேணும்.