பெயரில் ஃப்ளோர், உள்ளே ஃப்ளோரின் கிடையாது

கேள்வி: நெல் தூற்றும்போது கண்ணில் உமி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டு ஒன்றை நனைத்து, கீழ் இமையின் உட்புறம் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்த்தார்கள். சீட்டில் ‘ஃப்ளோரசீன்’ என்று இருந்தது. மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள் “அது ஒரு ஃப்ளோரோகுரோம்” என்கிறாள். பற்பசையில் போடும் ஃப்ளோரைடுதானா இது? கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஃப்ளோரைடு இல்லை அம்மா. ஃப்ளோரசீனில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மட்டும்தான். ஃப்ளோரின் ஒரு பொட்டுகூடக் கிடையாது.

பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம் இது. ஃப்ளோர்ஸ்பார் என்று ஒரு கல் உண்டு. உலையில் உலோகம் உருக்கும்போது இதைச் சேர்த்தால் கசடு இளகி ஓடும். லத்தீனில் ‘ஓடுவது’ என்ற சொல்லிலிருந்து கல்லுக்குப் பெயர் வந்தது. அந்தக் கல்லில் இருந்த தனிமத்துக்கு ஃப்ளோரின் என்று பெயரிட்டார்கள். பற்பசை ஃப்ளோரைடு அந்த வழி வாரிசு. அதே கல்லில் சில வகை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். மலேரியா மருந்தான கொயினாவின் கரைசலும் அப்படி ஒளிர்வதை ஆராய்ந்த விஞ்ஞானி ஸ்டோக்ஸ், 1852இல் கல்லின் பெயரை வைத்தே அந்த ஒளிர்வை ‘ஃப்ளோரசன்ஸ்’ என்றார். உங்கள் கண்ணில் பட்ட சாயம் இந்த வழி வாரிசு. அதை 1871இல் தயாரித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர்.

உங்கள் மகள் சொன்னதும் சரிதான். ‘குரோமா’ என்றால் கிரேக்கத்தில் நிறம். ஒரு வகை ஒளியை வாங்கி, வேறு நிறத்தில் திருப்பிக் கொடுக்கும் சாயம் ஃப்ளோரோகுரோம். ஃப்ளோரசீன் நீலத்தை வாங்கிப் பச்சையைத் தரும். பாடப்புத்தகத்தில் ‘ஃப்ளோரோஃபோர்’ என்றும் வரும். மூலக்கூறில் ஒளிர்கிற பகுதியைக் குறிக்கும் சொல் அது. நடைமுறையில் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். தமிழில் எனக்குப் பிடித்தது ‘உடனொளிர் சாயம்’. விளக்கு எரியும்வரை ஒளிரும், அணைத்த உடனே அணையும்; அந்த ‘உடன்’ அதைச் சொல்லிவிடுகிறது. இருட்டிலும் கொஞ்ச நேரம் மினுங்கும் கடிகார முள் வேறு சாதி, அது நின்றொளிர்வது.

நான் முப்பது வருடம் சளி பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். காசநோய்க் கிருமியைத் தேட, ஆரமின் ஓ என்ற ஃப்ளோரோகுரோமை ஸ்லைடின் மேல் இருபது நிமிடம் ஊற்றி வைப்போம். பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவுவோம். மற்றதெல்லாம் நிறம் விட்டுவிடும். கிருமியின் மெழுகுத் தோல் மட்டும் விடாது. கடைசியில் ஒரு நிமிடம் பர்மாங்கனேட், கிணற்றில் போடுவோமே அதுதான், பின்னணி இருண்டுவிடும். நீல விளக்கு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கறுப்புத் துணியில் மஞ்சள் நூல் துணுக்கு சிந்தினாற்போல் கிருமிகள் கிடக்கும். பழைய சிவப்புச் சாய முறையில் எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கித் தேடியதை, இதில் நானூறு மடங்கிலேயே பார்த்துவிடலாம். கழுத்துவலியிலிருந்தும் தப்பினோம்.

ஒரு முறை சாயமேற்றிய ஸ்லைடுகளை ஜன்னலோரம் காயவைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் எல்லாம் வெறும் இருட்டு. வெளிச்சத்தில் கிடந்தால் இந்தச் சாயங்கள் வெளுத்துவிடும். பன்னிரண்டு பேரிடம் மறுபடி சளி வாங்கினேன். அப்புறம் ஸ்லைடு பெட்டியின் மூடியை நான் திறந்து வைத்ததே இல்லை.

சரி, உங்கள் கண்ணுக்கு வருவோம். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருந்தால் இந்தச் சாயம் உள்ளே இறங்காது. உமி கீறி, தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஊறும். நீல விளக்கில் அந்தக் கீறல் பச்சையாகத் தெரியும். கெடுதல் இல்லை, கண்ணீரோடு போய்விடும். கைக்குட்டையில் மஞ்சள் பட்டிருந்தால் அதுதான். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மட்டும் கழற்றிவிட வேண்டும், லென்ஸில் கறை ஏறும். ஆனால் நெல்லோ உமியோ கீறிய புண்ணில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். மறுபடி வரச் சொன்ன தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை ரத்தக்குழாயைப் படமெடுக்க இதே சாயத்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் மறுநாள் வரை நிறம் மாறிப் போகும். மஞ்சள் காமாலை என்று பதறி போன் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆற்றிலும் இதை ஊற்றியிருக்கிறார்கள். டான்யூப் நதியின் தண்ணீர் ஜெர்மனியில் இம்மென்டிங்கன் அருகே தரைக்குள் போய் மறைகிறது. எங்கே போகிறது என்று பார்க்க 1877இல் இதன் சோடியம் உப்பைப் பத்து கிலோ கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. அந்த ஊற்றுத் தண்ணீர் போய்ச் சேருவது ரைன் நதியில்!

கேள்வி: பஞ்சு மிட்டாயில் பிடிபட்ட ரோடமின் பி என்ற சாயமும் இந்த இனமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆமாம், ஃப்ளோரசீனுக்குப் பங்காளி முறை. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றது, வயிற்றுக்கு இல்லை. அதனால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது. புதுச்சேரி அதற்குச் சில நாள் முன்னாலேயே தடுத்துவிட்டது.