மணற்காட்டில் அம்மாவுக்குக் கால் புதைகிறது என்றால்

யாழ்ப்பாணம் வடமராட்சிக் கடலோர ஊரான மணற்காட்டையே விடவேண்டாம், மணல்மேட்டை மட்டும் விடுங்கள். முழங்கால் நோவுள்ள அம்மாவுக்குச் சவுக்கங்காட்டின் உள்பக்கம்தான் தோதான இடம்.

அங்கே போனபோது கால் புதைந்து அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்துவிட்டு நேரே மேட்டில் ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மணல் காய்ந்து பொடியாகக் கிடக்கும். ஒவ்வொரு அடிக்கும் கால் பின்னுக்கு வழுக்கும், பாரம் முழுக்க முழங்காலில்தான் இறங்கும். சவுக்கின் கீழே ஊசிச்சருகு பாய்போலப் படிந்திருப்பதால் அவ்வளவு புதையாது. நிழலும் உண்டு.

முதலில் நீங்கள் குதிக்காலை ஊன்றிப் பாருங்கள். குதி மூடுமளவு இறங்கினால் அந்தப் பக்கம் வேண்டாம். கடலோர ஈரமணலுக்கும் இதே சோதனைதான். அப்புறம், செருப்பைக் கழற்ற விடாதீர்கள். சவுக்கங்காய் சின்னதானாலும் வெறுங்காலில் நன்றாகக் குத்தும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம், கடல் கொந்தளிக்கும். அப்போது கரையோரம் கிட்டவும் போகவேண்டாம். கடலில் கால் நனைக்கத்தான் அம்மாவுக்கு ஆசை என்றால் காரைநகர் கசூரினா கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஆழம் குறைவு, அலையும் அடக்கம்.